‘எர்ஸ்ட்வைல்’ தாத்தா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாராவாரம் வரும் ஆங்கிலச் சொல் விளக்கத்தை வெட்டி எங்கள் தட்டச்சுப் பயிலகத்தின் நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைப்பது வழக்கம். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் மெஷின் காலியாகும்வரை நின்று படிப்பார்கள். சிலர் நோட்டில் எழுதியும் கொள்வார்கள். போன வாரத்துப் பகுதியை மட்டும் நான் ஒட்டவில்லை. அதற்குக் காரணம் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரச் சொல் ‘எர்ஸ்ட்வைல்’ (erstwhile). அதற்கு உங்கள் பகுதி கொடுத்த பொருள்: முன்னாள், காலஞ்சென்ற, பழைய. கொடுத்த வாக்கியங்கள் மூன்று. ‘மை எர்ஸ்ட்வைல் கிராண்ட்ஃபாதர் வாஸ் எ ஃபார்மர்’ என்பது முதலாவது. ‘திஸ் இஸ் அன் எர்ஸ்ட்வைல் பைசிக்கிள்’ என்பது இரண்டாவது. 1995-ல் ஒரு கலெக்டர் அடிக்கல் நாட்டியதைச் சொல்லும் மூன்றாவது வாக்கியத்தில், அந்தக் கலெக்டருக்கு முன்னால் இந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு குறிப்பும் இருந்தது: இது வழக்கொழிந்த சொல், இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் தாத்தாவைப் பார்ப்போம். எர்ஸ்ட்வைல் என்றால் ‘முன்பு அப்படி இருந்து இப்போது அப்படி இல்லாத’ என்று பொருள். ஒரு பதவி, பெயர், உறவு, தகுதி முடிந்துபோனதைத்தான் அது சொல்லும். உயிர் போனதை அது சொல்லாது. உங்கள் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்தப் பெரியவர் ஒரு காலத்தில் தாத்தாவாக இருந்து பிறகு தாத்தா பதவியை ராஜினாமா செய்துவிட்டார் என்றாகிறது. இறந்தாலும் தாத்தா தாத்தாதான். அவருக்குச் சேர வேண்டிய சொல் ‘லேட்’. இது நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரியும். பத்திரத்தில் தமிழிலேயே ‘லேட் இன்னார் மகன்’ என்று எழுதுகிறோம். கல்யாணப் பத்திரிகையிலும் பெயருக்கு முன்னால் அந்த ‘லேட்’ உட்கார்ந்திருக்கும்.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் பக்கம் கடை வைத்திருப்பதால், தட்டச்சு சொல்லிக்கொடுப்பதோடு மனு, அஃபிடவிட் அடித்துக்கொடுப்பதும் எங்கள் பிழைப்பு. கொஞ்ச நாளைக்கு முன் ஒரு வயதான அம்மா கையில் மஞ்சள் பையோடு வந்தார். கணவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். குடும்ப ஓய்வூதியத்துக்கான காகிதம் வேறு மாநிலத்தில் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். பேரன் தமிழில் எழுதி, போனில் மொழிபெயர்த்து, அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். அனுப்பிய காகிதம் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

“என்ன தாயி தப்பு? எல்லாம் சரியாத்தானே இருக்குங்குறான்” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ‘மை எர்ஸ்ட்வைல் ஹஸ்பண்ட்’ என்று இருந்தது. பேரன் ‘முன்னாள் அரசு ஊழியரான என் கணவர்’ என்று எழுதியிருக்கிறான். அந்த முன்னாள் எப்படியோ அரசு ஊழியரை விட்டுவிட்டுக் கணவரிடம் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? இந்த அம்மா விவாகரத்து ஆனவர் என்றுதான் தெரியும். விவாகரத்தான மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. இறந்தவரின் மனைவிக்கு உண்டு. கேள்விக்குறி போட்ட அதிகாரியைக் குறை சொல்ல முடியுமா?

“ஆத்தா, நீங்க உங்க வீட்டுக்காரர அத்து விட்டுட்டதா எழுதியிருக்கு” என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. “அவுக படுக்கையில கெடந்தப்ப ஒரு நாள் நான் வீட்டுப் படி தாண்டலயே தாயி” என்றார். ‘லேட்’ போட்டு அடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் பகுதி ‘காலஞ்சென்ற’ என்ற பொருளையும் இந்தச் சொல்லுக்குச் சேர்த்துக் கொடுத்ததைப் பார்த்ததும் எனக்கு அந்த அம்மா ஞாபகம் வந்தது. பேரன்மார்கள் எல்லாரும் உங்கள் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.

அடுத்து சைக்கிள். பழைய சைக்கிள் ‘ஓல்டு பைசிக்கிள்’தான். துருப்பிடித்தாலும் பெடல் இல்லாவிட்டாலும் அது சைக்கிள். எர்ஸ்ட்வைல் சைக்கிள் என்றால் முன்பு சைக்கிளாக இருந்து இப்போது வேறொன்றாக ஆகிவிட்ட பொருள். இதற்குப் பொருத்தமான வாக்கியம் வேண்டுமென்றால் எங்கள் புதுக்கோட்டைக்கு வாருங்கள். கலெக்டர் ஆபீஸுக்குள் நுழையும்போது அண்ணாந்து பாருங்கள். அது தொண்டைமான் மன்னர் வாழ்ந்த புது அரண்மனை. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அப்போது சமஸ்தானத்தின் கடைசி மன்னரான ராஜகோபாலத் தொண்டைமான் கொடுத்த கட்டடம்தான் கலெக்டர் அலுவலகம் ஆனது. ‘தி கலெக்டரேட் ஃபங்க்‌ஷன்ஸ் இன் தி எர்ஸ்ட்வைல் பேலஸ்’. கட்டடம் நிற்கிறது, தூண் நிற்கிறது, மாடம் நிற்கிறது. அரண்மனை என்கிற தகுதி மட்டும் போய்விட்டது. ராஜா இருந்த இடத்தில் திங்கட்கிழமை மனுநீதி நாளுக்கு வரிசை நிற்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பொருளைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அகராதியைத் தொடவே வேண்டியதில்லை.

அப்படியும் ஒரு பெண் ‘அம்மன் காசு இஸ் அன் எர்ஸ்ட்வைல் காயின்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். அம்மன் காசு தெரியாதவர்களுக்காக: புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கென்று இருந்த சின்னச் செப்புக்காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அந்தக் காசைக் கொடுத்தார்கள் என்று எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் சொல்வார்கள். இன்று கடையில் செல்லாது, ஆனாலும் காசு காசுதான். இல்லாமல் போனது சமஸ்தானம். ஆகவே ‘காயின் ஆஃப் தி எர்ஸ்ட்வைல் புதுக்கோட்டை ஸ்டேட்’ என்று சொல்லை நகர்த்தி வைக்கச் சொன்னேன். எது முடிந்துபோனதோ அதன் முன்னால்தான் இந்தச் சொல் நிற்க வேண்டும்.

நிற்பது என்று சொன்னதால் இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறேன். இது எப்போதும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும். ‘ஹி இஸ் எர்ஸ்ட்வைல்’ என்று வாக்கியத்தை முடிக்க முடியாது. ‘ஃபார்மர்’ என்ற சொல்லும் அப்படித்தான். உழவரைச் சொல்லவில்லை, முன்னாளைச் சொல்கிறேன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, என்ன செய்வது. உயிரெழுத்தில் தொடங்குவதால் இதற்கு முன் ‘அன்’ வரும். ஆனால் பெரும்பாலும் ‘தி’ தான் வரும், ஏனென்றால் குறிப்பிட்ட ஒன்றைப் பற்றித்தான் பேசுவோம். ‘எர்ஸ்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘முன்’ என்ற பொருள் தந்த ‘எர்’ என்பதன் உச்ச வடிவம். அதன் மிச்சம்தான் கவிதைகளில் வரும் ‘ஏர்’ (ere) என்ற சின்னச் சொல். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘எர்ஸ்ட்’ என்றால் முதலில் என்று பொருள். ‘வைல்’ என்றால் பொழுது. முன்பொழுது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பதினாறாம் நூற்றாண்டில் இது ‘முன்பு’ என்கிற வினையடையாகத்தான் புழங்கியது. பெயருக்கு முன்னால் வந்து உட்காரும் பழக்கம் நெடுங்காலம் கழித்து வந்தது.

மூன்றாவது வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் 1995-ல் அடிக்கல் நாட்டியபோது அவர் கலெக்டரா, கலெக்டர் வேலையை விட்டுப் போனவரா? எர்ஸ்ட்வைல் என்று போட்டால் பதவி போன பிறகு வந்து கல் நாட்டியதுபோல் ஆகிவிடும். கலெக்டராக இருந்துகொண்டே நாட்டினார் என்றால் ‘தி தென் (then) கலெக்டர்’ என்று வர வேண்டும். தமிழில் இந்த வேறுபாட்டை நாம் எவ்வளவு சுலபமாகச் செய்கிறோம்! ‘அப்போதைய’ என்றால் நிகழ்ச்சி நடந்த நாளில் நின்று பார்க்கிறோம். ‘முன்னாள்’ என்றால் இன்றைக்கு நின்று பார்க்கிறோம். உங்கள் செய்திப் பக்கங்களில் நிருபர்கள் இதைத் தவறே இல்லாமல் எழுதுகிறார்கள். மாணவர் பக்கத்துக்கு வந்ததும் ஏன் தவறுகிறதோ தெரியவில்லை.

நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ஒன்று. சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடும் தீர்மானம் 1967 ஜூலை 18-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது முதல்வர் அண்ணா. அந்த நாளைப் பற்றி எழுதும்போது அவர் ‘தி தென் சீஃப் மினிஸ்டர்’. 1969 ஜனவரி 14-ல் பெயர் நடைமுறைக்கு வந்தது, பிப்ரவரி 3-ல் அவர் மறைந்தார். இன்று அவரைக் குறிப்பிடும்போது ‘தி லேட்’ போடலாம். எர்ஸ்ட்வைல் எங்கே வரும்? ‘தி எர்ஸ்ட்வைல் மெட்ராஸ் ஸ்டேட்’ என்று மாகாணத்தின் முன்னால் வரும். ஒரே செய்தியில் மூன்று சொல்லும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. பதவியில் இருக்கும்போதே அண்ணா மறைந்துவிட்டதால் ‘முன்னாள் முதல்வர்’ என்று யாரும் அவரை அழைக்க வாய்ப்பே இருக்கவில்லை என்று ஒரு மாணவன் சொன்னான். அவன் இப்போது ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறான்.

இனி ‘வழக்கொழிந்த சொல்’ என்ற குறிப்புக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். இங்கிலாந்தில் இது பழைய வாசனை அடிக்கும் சொல் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கொஞ்சம் நக்கலாக, நேற்றுவரை தோளில் கை போட்டுத் திரிந்தவர்களைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். ‘எர்ஸ்ட்வைல் ஃப்ரெண்ட்’, ‘எர்ஸ்ட்வைல் அலை’ (ally, கூட்டாளி) என்றால் அதில் ஒரு குத்தல் உண்டு. தேர்தல் முடிந்து கூட்டணி உடைந்த மறுநாள் நம் தலைவர்களைப் பற்றி எழுத அருமையான சொல். ஆனால் இந்தியாவில் இது எந்த நக்கலும் இல்லாமல் அன்றாடம் அரசாங்கக் காகிதத்தில் வேலை பார்க்கிறது. நம்மைப்போலப் பெயர் மாற்றும், பிரிக்கும், சேர்க்கும் தேசம் வேறு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழையதைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருக்கிறது. சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது. நம் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் அதை எர்ஸ்ட்வைல் போடாமல் எழுதுவது அபூர்வம். திட்டக்குழு போய் 2015 ஜனவரி 1-ல் நிதி ஆயோக் வந்ததும் அதுவும் ‘எர்ஸ்ட்வைல் பிளானிங் கமிஷன்’ ஆனது. சமஸ்தானங்களைச் சொல்லவே வேண்டாம். மன்னர் மானியம் 1971-ல் 26-வது சட்டத்திருத்தத்தோடு நின்றுபோனது. மன்னர் என்ற பட்டத்துக்கு அதன்பின் சட்டத்தில் இடமில்லை. எர்ஸ்ட்வைல் ரூலர் என்ற அடைமொழி மட்டும் கூடவே தங்கிவிட்டது.

எங்கள் ஊரில் இது சோறு போடும் சொல். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாகி, பிறகு 1974-ல் தனி மாவட்டமானது. அறந்தாங்கிப் பக்கம் அதுவரை தஞ்சாவூர் மாவட்டம். ஆகவே இங்கே ஒருவர் நிலம் பற்றி மேல்முறையீட்டுக்கு ஆங்கிலத்தில் மனு அடிக்க வந்தால், நிலம் சமஸ்தானத்து இனாமா, திருச்சி ஜில்லாப் பதிவா, தஞ்சாவூர் ஜில்லாப் பதிவா என்று முதலில் கேட்டுக்கொள்வோம். எதுவாக இருந்தாலும் முதல் பத்தியிலேயே எர்ஸ்ட்வைல் வந்துவிடும். என் மெஷின்களில் இந்தச் சொல் அடிபட்ட அளவுக்கு ‘லவ்’ என்ற சொல் அடிபட்டிருக்காது.

மின்வாரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பர் 1-ல் பிரிந்தது. காகிதத்தில் ‘எர்ஸ்ட்வைல் டிஎன்இபி’ என்று வர ஆரம்பித்தது. அதிலிருந்து பிறந்த டான்ஜெட்கோவும் 2024-ல் பிரிந்து, இப்போது அதற்கும் எர்ஸ்ட்வைல் போட வேண்டியிருக்கிறது. ஜனங்கள் எதையும் கண்டுகொள்ளாமல் ‘இ.பி. ஆபீஸ்’ என்றே சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வங்கிகள் இணைந்ததில் இன்னும் ஒரு வேடிக்கை. 2020 ஏப்ரல் 1-ல் பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றாகச் சேர்ந்தன. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு, ஓரியண்டல் பேங்க் ஆஃப் காமர்ஸும் யுனைடெட் பேங்கும் பஞ்சாப் நேஷனல் வங்கியோடு என்று. அதற்குப் பிறகு வந்த அறிவிப்புகளில் ‘இ-ஓபிசி’, ‘இ-யுஎன்ஐ’ என்று போட்டிருந்தார்கள். என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் அது எலெக்ட்ரானிக் என்று சத்தியமே செய்தான். இ-மெயில் மாதிரி, டீச்சர் என்றான். இல்லையப்பா, அந்த இ எர்ஸ்ட்வைலின் இ என்றேன். முன்னாள் ஓபிசி வாடிக்கையாளர்கள் செக் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது செய்தி. ஆன்லைன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போல என்று நினைத்துச் சும்மா இருந்தால் யாருக்கு நஷ்டம்? ‘யாரும் பயன்படுத்துவதில்லை’ என்று நீங்கள் எழுதிய சொல், ஒற்றை எழுத்தாகச் சுருங்கும் அளவுக்கு வங்கிக்குள் புழங்கியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் அரசாங்க ஆங்கிலம் எல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. அங்கேயும் இந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் ஒட்டுகிறார்கள். ‘எர்ஸ்ட்வைல் தஞ்சாவூர் டிஸ்ட்ரிக்ட்’ என்று அடிக்கச் சொல்லி வருவார்கள். எனக்கு உறுத்தும். தஞ்சாவூர் மாவட்டம் இன்றும் இருக்கிறதே! 1991-ல் நாகப்பட்டினம் போனது, பிறகு அதிலிருந்து 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. தஞ்சாவூர் சுருங்கியது, தஞ்சாவூராகவே இருக்கிறது. இதற்கு ‘அன்டிவைடட்’ என்பதுதான் சரி. நம் பேச்சில் ‘பிரிக்காத தஞ்சை’, ‘ஒன்றுபட்ட தஞ்சை’ என்று ஏற்கெனவே சரியாகத்தான் சொல்கிறோம். வட ஆற்காடு கதை வேறு. 1989-ல் அது இரண்டாகப் பிரிந்தது, இன்று அந்தப் பெயரில் மாவட்டமே இல்லை. 1993-ல் பிரிந்த தென் ஆற்காடும் அப்படித்தான். அவை இரண்டும் தாராளமாக எர்ஸ்ட்வைல். எங்கள் கடையில் மனு கொடுப்பவர் ஒத்துக்கொண்டால் மாற்றி அடிப்பேன். ‘வக்கீல் எழுதினது, அப்படியே அடிங்க’ என்றால் அப்படியே அடிப்பேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற இடத்தில் அதற்கு மேல் பேசக் கூடாது.

தட்டச்சுக்காரி என்பதால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. இந்தச் சொல்லை அடித்துப் பாருங்கள். முதல் ஐந்து எழுத்தும் இடது கை. நடுவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல், மறுபடி சுட்டுவிரல், மறுபடி மோதிரவிரல். அதுவரை வலது கை சும்மா கிடக்கும். அப்புறம் மூன்று எழுத்து வரிசையாக வலது கைக்கு, கடைசி எழுத்து திரும்ப இடது கைக்கு. சீனியர் கிரேடில் நிமிடத்துக்கு 45 சொல் வேகத்தில் போகும் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். சும்மா இருந்த வலது கை அவசரப்பட்டு முன்னாடியே ‘எச்’ (h) எழுத்தை அடித்துவிடும், டபிள்யூ பின்னால் வரும். தாள் தாளாக இதே பிழையைத் திருத்தியிருக்கிறேன். ஐந்து எழுத்து முடியும்வரை வலது கையை ஹோம் கீயை விட்டு எடுக்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் படிய வைக்க வேண்டும். அடிக்கத் தெரிந்தவர்களும் வாயால் சொல்லும்போது ‘எர்ஸ்ட்வில்’ என்பார்கள். அது பரவாயில்லை.

தமிழில் இதற்கு இணையான பழைய வாடை உள்ள ஒரு சொல்லும் உங்கள் பக்கத்தில் வந்திருக்கலாம். மாஜி. மாஜி மந்திரி, மாஜி சேர்மன் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. உருது வழியாக வந்தது, மூலம் அரபி, ‘கடந்துபோன’ என்று அர்த்தம். கிராமத்து டீக்கடைகளில் ‘மாஜி பிரசிடென்ட்’ இன்னும் உயிரோடு இருக்கிறார். இப்போது முன்னாளும் போய் ‘மேனாள்’ வந்துகொண்டிருக்கிறது. மேனாள் என்றால் மரியாதை கொஞ்சம் கூடுதல் என்று ஒரு நினைப்பு. பதவியில் இல்லாதவர்களுக்கு நாம் இத்தனை அடைமொழி வைத்திருப்பதைப் பார்த்தால், பதவியில் இருப்பவர்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தச் சொல்லைத் ‘தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்’ என்று தள்ளாதீர்கள். படித்தால் புரிய வேண்டும். அரசாணையில், வங்கி அறிவிப்பில், தீர்ப்பில் எதிர்ப்படும்போது முழிக்கக் கூடாது. எழுதும்போது தேவையில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளை ‘மை எர்ஸ்ட்வைல் எம்ப்ளாயர்’ என்று எழுதினால், பழைய முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன் போலிருக்கும். ‘ப்ரீவியஸ்’ போதும், ‘ஃபார்மர்’ போதும். ‘க்வாண்டம்’ (quondam) என்று ஒரு லத்தீன் சொல்லும் இதே பொருளில் உண்டு. அதையும் அடுத்த வாரம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் தங்கள் க்வாண்டத்தோடு (quantum) அதைக் குழப்பிக்கொள்வார்கள்.

உங்கள் பகுதியை எழுதுபவர் யார் என்று எனக்குத் தெரியாது. இதைத் தவிர அவர் எழுதிய எத்தனையோ வாரங்கள் எங்கள் போர்டில் மஞ்சளாகிப்போகும்வரை ஒட்டியிருந்தன. ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ வித்தியாசத்தை அவர் விளக்கியதைப்போல் நான் விளக்கியதில்லை. வெளிநாட்டு அகராதியைப் பார்த்து அவசரத்தில் எழுதியிருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு வாக்கியம் வேண்டுமென்றால் நம் ஊர்க் காகிதங்களிலேயே குவிந்து கிடக்கிறது. அரண்மனை வாக்கியத்தையும் வட ஆற்காடு வாக்கியத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், என் பெயர் போட வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவதாக இருந்தால் இரண்டாம் பக்கத்து மூலையில், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் போடாதீர்கள். அதே மாணவர் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில் போடுங்கள். வெட்டி ஒட்டுவதற்குப் போர்டில் போன வார இடம் காலியாகவே இருக்கிறது. அந்த வயதான அம்மாவின் பேரனுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் இப்போது எங்களிடம்தான் ஜூனியர் கிரேடு படிக்கிறான்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலகம் நடத்தும் ஒரு வாசகி,
புதுக்கோட்டை.